77 எலெக்‌ஷனும் பெரியப்பாவோட ஒத்தை ஓட்டும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப்போறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

எமர்ஜென்சி பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரே க்ளைமாக்ஸ்தான். 1977 மார்ச்சில் தேர்தல், ரேபரேலியில் இந்திரா காந்தியே ராஜ்நாராயண்கிட்ட 55 ஆயிரம் ஓட்டில் தோத்தாங்க, ஜனதா ஆட்சி வந்துச்சு, மக்கள் பாடம் புகட்டினாங்க, சுபம். வடக்கே நடந்தது அதுதான், மறுக்கலை. நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? 39 சீட்டில் இந்திராவின் காங்கிரஸ், அ.தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் கூட்டணிக்கு 34. எதிரணிக்கு அஞ்சே அஞ்சு! எங்க விருதுநகர் அப்ப சிவகாசி பார்லிமெண்ட் தொகுதியில இருந்துச்சு. அங்கேயும் காங்கிரஸ் ஜெயலட்சுமிதான் ஜெயிச்சாங்க.

"தமிழனுக்கு ஜனநாயகத்தோட அருமை தெரியலை"ன்னு வடக்கத்திய நண்பர் ஒருத்தர் என்கிட்ட ஒருமுறை சொன்னார். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

வழக்கமா சொல்ற பதில் இருக்கு. கட்டாய கருத்தடைக் கொடுமை வடக்கே மாதிரி இங்க நடக்கலை. 1976 ஜனவரி 31 அன்னிக்கு கலைக்கப்படுற வரைக்கும் இங்க தி.மு.க. ஆட்சி இருந்ததால எமர்ஜென்சியோட முழு உக்கிரமும் முதல் ஏழு மாசம் தெரியலை. அப்புறம் எம்.ஜி.ஆர். அலை. எல்லாம் சரி. ஆனா எங்க ஊர்க்காரனுக்கு இதுக்கு மேல ஒரு முடிச்சு இருந்துச்சு. அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

எங்க பெரியப்பா விருதுநகர்ல ஒரு பருப்பு மண்டியில கணக்கப்பிள்ளை. காமராஜர்னா உசிரு. சிவகாசியில அச்சடிச்ச காமராஜர் காலண்டரைத் தேதி தாள் தீர்ந்தப்புறமும் கழட்ட விடமாட்டார். 1967-ல் சொந்த ஊர்லயே பெ. சீனிவாசன்ங்கிற மாணவர் தலைவர்கிட்ட 1,285 ஓட்டில் காமராஜர் தோத்தாரே, அன்னிக்கு ராத்திரி வீட்டுல உலை வைக்கலையாம். இந்தி எதிர்ப்பு, அரிசிப் பஞ்சம்னு காரணமெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் "தி.மு.க.வுக்கு என் கை ஓட்டுப் போடாது"ன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டார்.

அடுத்த அடி 1969. காமராஜர் முன்ன நின்னு பிரதமர் ஆக்கின அதே இந்திரா காலத்துல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சுது. காமராஜர் ஸ்தாபன காங்கிரஸ் பக்கம். 1971-ல் இந்திராவும் தி.மு.க.வும் கூட்டு, இந்தப் பக்கம் காமராஜரும் (காலமெல்லாம் எதிரெதிரா நின்ன) ராஜாஜியும் கூட்டு! அப்ப சிவகாசியில ஜெயிச்சதும் இதே ஜெயலட்சுமிதான், தி.மு.க. தயவுல. ஆக பெரியப்பாவோட 'ஓட்டுப் போடக்கூடாது' லிஸ்ட்டுல இந்திராவும் சேர்ந்தாச்சு.

எமர்ஜென்சி வந்த நாலாவது மாசம், 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னிக்கு காமராஜர் போயிட்டார். இந்திரா காந்தி இறுதிச்சடங்குக்கு மெட்ராஸ் வந்தாங்க. மறுவருஷம் பாரத ரத்னா கொடுத்தாங்க. அதே 1976-ல் மூப்பனாரோட ஸ்தாபன காங்கிரஸ்ல பெரும்பகுதி இந்திரா கட்சியில போய் ஐக்கியம். போகாம மிஞ்சினவங்க பா. ராமச்சந்திரன் தலைமையில தனியா நின்னாங்க, ஜனதா பக்கம் சாய்ஞ்சாங்க.

இப்ப பெரியப்பா நிலைமையை யோசிங்க. ஒரு பக்கம், காமராஜரைக் கடைசிக் காலத்துல நோகடிச்ச இந்திரா. ஆனா அவரோட தொண்டர்கள் பாதிப்பேர் அங்கதான் இருக்காங்க. கூடவே எம்.ஜி.ஆர். இன்னொரு பக்கம், காமராஜரோட கட்சியில மிச்சமிருக்கிறவங்க. ஜெயிலுக்குப் போனவங்க பக்கம், நியாயமும் அங்கதான் இருக்கு. ஆனா அவங்க கைகோத்து நிக்கிறது யாரோட? 67-ல் காமராஜரைத் தோக்கடிச்ச தி.மு.க.வோட! எந்தப் பக்கம் குத்தினாலும் தன் தலைவர் நெஞ்சுல குத்துற மாதிரி.

71-ல் ஜெயலட்சுமிக்கு ஓட்டுக் கேட்டு வந்த தி.மு.க.காரங்க 77-ல் அவங்களுக்கு எதிரா வந்தாங்க. எதிரா வேலை பார்த்தவங்கள்ல பலபேர் இப்ப பசுவும் கன்றும் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தாங்க. இதுல எமர்ஜென்சி எங்க வருது, ஜனநாயகம் எங்க வருதுன்னு பெரியம்மா கேட்டாங்களாம். பெரியப்பா பதில் சொல்லலை.

அதனாலதான் 34-5ங்கிற கணக்கை வெச்சு இந்த ஊரு எமர்ஜென்சியை ஏத்துக்கிச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு ஒப்புக்க முடியறதில்லை. ஓட்டுச்சீட்டுல 'எமர்ஜென்சி வேணுமா வேண்டாமா'ன்னு கேள்வி இல்லையே. மூணு மாசம் கழிச்சு ஜூன்ல சட்டசபைத் தேர்தல் வந்தப்ப எம்.ஜி.ஆர். காங்கிரஸைக் கழட்டி விட்டுட்டார். அவர் பக்கத்துல அருப்புக்கோட்டையில நின்னு முதல்வரே ஆயிட்டார். காங்கிரஸுக்கு 234-ல் 27தான். மார்ச்சில் விழுந்த ஓட்டு யாருக்கு விழுந்ததுன்னு அப்பத் தெரிஞ்சுபோச்சு.

ரேபரேலி ரிசல்ட்டை ரேடியோவில கேட்டப்ப மண்டியில யாருக்கும் என்ன பண்றதுன்னே தெரியலையாம். வெடி போட வேண்டிய காங்கிரஸ்காரங்களுக்கு டெல்லி போச்சு. தி.மு.க.காரங்களுக்கு டெல்லி கிடைச்சும் ஊர்ல தோல்வி. சிவகாசிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு வெடிச் சத்தமே இல்லாம ஒரு தேர்தல் வெற்றி!

பெரியப்பா ஓட்டு எங்க போச்சுன்னு வீட்டுல எல்லாரும் கேட்டுப் பார்த்தாச்சு. நானும் காலேஜ் படிக்கிறப்ப ஒரு தடவை கேட்டேன். காமராஜர் காலண்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, "மை வெச்சாங்கல்ல, போட்டாச்சு. போயி சோலியைப் பாருடா"ன்னுட்டு பேரேட்டைத் திறந்துக்கிட்டார்.