சமையல் எரிவாயு அடுப்பு: வீட்டில் பாதுகாப்பான பயன்பாடு

சிலிண்டரில் வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு. இந்தியாவில் வீட்டுச் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ நிரப்பப்படுகிறது. எரிவாயு விபத்து நேரும்போதெல்லாம் ‘சிலிண்டர் வெடித்தது’ என்றே செய்தி வருகிறது. அந்தத் தலைப்பு பெரும்பாலும் பிழையானது. பிழையோடு நில்லாமல், ஆபத்தை இல்லாத இடத்தில் தேடவும் வைக்கிறது. கனத்த எஃகு உருளை தானாக வெடிப்பது அரிது. தீ சூழ்ந்து அது கடுமையாகச் சூடேறினால்தான் பிளக்கும். வழக்கமாக வெடிப்பது, கசிந்து அறைக்காற்றோடு கலந்து நிற்கும் வாயுவே. ஆகவே இல்லத்தார் கவலைப்பட வேண்டியது சிலிண்டரைப் பற்றியல்ல. அதற்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள ரெகுலேட்டர், ரப்பர் குழாய், குமிழ், பர்னர் ஆகியவற்றைப் பற்றித்தான்.

இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாது. தண்ணீர் போலத் தாழ்ந்த இடம் தேடித் தரையில் பரவும். காற்றில் சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள சமையலறை முழுவதும் அந்த அளவை எட்ட ஏறக்குறைய 1 கிலோ வாயு போதும். பெரிய பர்னர் ஒன்றை முழுதாகத் திறந்து எரியவிடாமல் விட்டால் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை வெளியேறும். ஐந்தாறு மணி நேரம், அதாவது ஓர் இரவுத் தூக்கம். வாயு அறையெங்கும் சமமாகப் பரவாமல் கீழேயே தேங்குவதால், தரையை ஒட்டிய அடுக்கு அதற்கு வெகு முன்னதாகவே எரியும் நிலையை அடைந்துவிடும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவின் போக்கு இதற்கு நேர்மாறு. அது காற்றைவிட இலேசானது, கூரையை நோக்கி எழும். கசிவு உணரும் கருவியைச் சிலிண்டர் வீட்டில் தரையருகிலும் குழாய் எரிவாயு வீட்டில் கூரையருகிலும் பொருத்துவது இதனால்தான்.

கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற நெடியுள்ள பொருளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்ட பிறகே இவ்வழக்கம் சட்டமாகத் தொடங்கியது. எரியும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்த மூக்கு விழித்திருக்க வேண்டும். உறங்குபவருக்கும் சளி பிடித்தவருக்கும் முதியவர் பலருக்கும் அது உதவாது. தொடர்ந்து நெடியில் இருப்பவருக்கோ சற்று நேரத்தில் அது பழகி மறைந்துவிடும். நாற்றம் கடைசிக் காவல். முதல் காவல் கசியவிடாமல் இருப்பது.

அதற்கு எளிய வழி, இரவிலும் வெளியே போகும்போதும் ரெகுலேட்டரை மூடுவது. அடுப்புக் குமிழை மூடினால் போதாதா என்பது பலரின் வாதம். குமிழ் மூடியிருந்தாலும், ரெகுலேட்டர் திறந்திருக்கும்வரை குழாய்க்குள் அழுத்தத்தோடு வாயு நிற்கிறது. குழாயை எலி கடிக்கலாம், சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அது வெடிப்பு விடலாம். முதலில் ரெகுலேட்டரை மூடி, பர்னர் தானாக அணைந்தபின் குமிழைத் திருப்பினால் குழாயும் காலியாகும். உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிறக் குழாயை 5 ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் உறை மாட்டுவது வெடிப்பை மறைக்கும் வேலை. கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது அறியாமையின் உச்சம்.

சன்னலைத் திறந்தால் காற்றில் தீ அணைந்துவிடுகிறதே என்ற முறையீடும் உண்டு. உண்மைதான், காற்றில் அணைந்தாலும் பால் பொங்கி அணைந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். சன்னலைச் சாத்துவது இதற்கு விடையாகாது. ஒரு பங்கு வாயு முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நேரே காற்றடிக்காத இடத்தில் அடுப்பை வைத்து, அடுப்பெரியும்போது பக்கத்தில் ஆள் இருப்பதே முறை. சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் கிடைக்கின்றன. மறதி மிக்க முதியவர் தனியே இருக்கும் வீட்டில் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். எரிவாயு ஓவனில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். மூடிய பெட்டிக்குள் வாயு சேர்வதால் கதவைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும். ஒருமுறை பற்றாவிட்டால் குமிழை மூடி, சில நிமிடம் காற்றாட விட்ட பிறகே மறுபடி முயலலாம். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரித்துத் துளைகளை அடைப்பது கார்பன் மோனாக்சைடை வரவழைக்கும்.

நெடி வந்தால் கை தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போகும். அந்தச் சுவிட்சில் எழும் சிறு பொறியே தீ வைக்கப் போதுமானது. எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேற வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. நாள் முழுவதும் இயங்கும் அந்த எண்ணை வீட்டுக்கு வெளியே நின்றுதான் அழைக்க வேண்டும்.