டிசம்பர் 25: கிறிஸ்துமஸ் பெருநாளின் தேதியும் வடிவமும்

முன்னுரை

ரோமானியரின் சூரிய விழாவைத் திருச்சபை தன்வயப்படுத்திக்கொண்டதன் விளைவே கிறிஸ்துமஸ் என்னும் கருத்து பரவலாக எடுத்துரைக்கப்படுகின்றது. இக்கருத்திற்கு அடிப்படையாகும் சான்றுகள் எத்தகையன? இன்று தொன்மையானவையாகக் கருதப்படும் கொண்டாட்ட முறைகள் எக்காலத்தைச் சார்ந்தவை? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

தொடக்க நூற்றாண்டுகள்

மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளும் இயேசுவின் பிறப்பை விவரிப்பினும் நாளையோ மாதத்தையோ குறிப்பிடவில்லை. தொடக்ககாலக் கிறிஸ்தவர்க்கு உயிர்ப்புப் பெருவிழாவே முதன்மையானதாக விளங்கியது. பிறந்தநாளைக் கொண்டாடுவது பார்வோன், ஏரோது போன்றோரின் வழக்கம் என 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் கண்டித்தார். அவருக்கு முன்பு, ஏறத்தாழ கி.பி. 200இல், அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் தம் காலத்தில் சிலர் கணித்த பிறப்பு நாள்களைத் தொகுத்துரைக்கிறார். மே 20 அவற்றுள் ஒன்று. டிசம்பர் 25 அவற்றுள் இடம்பெறவில்லை.

354ஆம் ஆண்டுத் தொகுப்பு

டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகப் பதிவு செய்யும் மிக முக்கியமான சான்று, ரோமில் 354இல் பிலோகாலஸ் என்னும் எழுத்தோவியர் உருவாக்கிய நாட்காட்டித் தொகுப்பாகும். அதன் மறைசாட்சியர் நினைவுநாள் பட்டியல், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாளாக அத்தேதியைக் குறிக்கின்றது. இப்பட்டியல் 336ஆம் ஆண்டளவில் உருவானதாக அறிஞர் கருதுவர். அதே தொகுப்பின் அரசு நாட்காட்டிப் பகுதி, அதே நாளை ‘வெல்லப்படாதவன்’ பிறந்த நாள் என்றும் முப்பது தேரோட்டங்கள் நிகழும் நாள் என்றும் சுட்டுகின்றது. இரு விழாக்களுக்கும் அடிப்படைச் சான்று ஒரே தொகுப்பாக இருப்பதால், எது முந்தியது என்பதை அதனைக் கொண்டே முடிவு செய்ய இயலாது.

இரு கருதுகோள்கள்

பேரரசர் அவுரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் எடுத்தார் என்பது உறுதி. எனினும் அதன் அர்ப்பணிப்பு டிசம்பர் 25இல் நிகழ்ந்ததெனக் கூறும் சமகாலக் குறிப்பு இல்லை. சூரிய விழாவின் பொருட்டே தேதி மாற்றப்பட்டது என்று வெளிப்படையாகக் கூறும் குறிப்பு, 12ஆம் நூற்றாண்டுச் சிரியாக் ஆசிரியர் தியோனிசியுஸ் பார் சலீபியின் நூற்படி ஒன்றில் ஓரக்குறிப்பாகக் காணப்படுகின்றது. அது நிகழ்வுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் பிற்பட்டது. சட்டர்னாலியா விழாவும் டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் நிறைவுற்றது.

மற்றொரு கருதுகோள் கணிப்பைச் சார்ந்தது. இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என மேற்குத் திருச்சபையில் ஒரு மரபு நிலவியது. அவர் கருவுற்றதும் அதே நாளில்தான் எனக் கொண்டால், ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25 வருகின்றது. இவ்விணைப்பை அகஸ்டின் தெளிவாக மொழிகின்றார். ஆயின் அவர் எழுதியது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விழா நிலைபெற்ற பின்னர் எழுந்த விளக்கமாகவும் அது இருத்தல் கூடும். ஆகவே இரு கருதுகோள்களும் முழுமையாக நிறுவப்பட்டவை அல்ல.

கிழக்கில் சனவரி 6 முன்னரே சிறப்புற்றிருந்தது. அந்தியோக்கியாவில் 386இல் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் 25 தம் மக்களுக்கு அறிமுகமாகிப் பத்தாண்டுகள்கூட நிறைவுறவில்லை என்கிறார். அர்மேனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஐயே பின்பற்றுகின்றது.

தடையும் மறுவடிவமும்

வேதாகமச் சான்று இல்லாத விழா எனக் கருதித் தூய்மைவாதியர் இதனை எதிர்த்தனர். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் இதனை நீக்கியது. 1660இல் முடியாட்சி மீண்டபின் விழாவும் மீண்டது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1659இல், கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்து, 1681இல் அச்சட்டத்தை விலக்கியது. ஸ்காட்லாந்தில் இந்நாள் பொது விடுமுறையானது 1958இல்தான்.

பொதுவிடங்களில் உண்டும் குடித்தும் களித்த விழா, 19ஆம் நூற்றாண்டில் குடும்பத்தையும் குழந்தைகளையும் மையமாகக் கொண்டதாயிற்று. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளிவந்த 1843இலேயே, ஹென்றி கோல் அச்சிட்ட வாழ்த்தட்டையும் வெளிவந்தது. விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 1848இல் லண்டன் இதழொன்று வெளியிட்டது. செர்மானிய வழக்கம் ஆங்கிலேய இல்லங்களில் பரவ அது துணைபுரிந்தது. அச்சுத்தொழிலும் நகர நடுத்தர வர்க்கத்தின் வளர்ச்சியும் இம்மாற்றத்திற்கு அடித்தளமாயின.

முடிவுரை

டிசம்பர் 25 என்னும் தேதி 4ஆம் நூற்றாண்டு ரோமில் நிலைபெற்றது. இன்று நாம் காணும் கொண்டாட்ட வடிவம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இவ்விரண்டையும் ஒரே தொன்மையின் தொடர்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. சூரிய விழாவே மூலம் என்னும் கூற்றை நிறுவப்பட்ட உண்மையாக அன்றி, சான்றால் மேலும் சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளாகக் கொள்வதே வரலாற்றாய்வுக்கு உகந்தது.