தொலைக்காட்சிச் சமையற்கலைஞரின் திரைமுகம்

ஒருவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாரந்தோறும் காட்டும் பேச்சு, சீற்றம், சிரிப்பு, உடல்மொழி எல்லாம் சேர்ந்து பார்வையாளர் மனத்தில் பதியும் உருவம் அவருடைய திரைமுகம். சமையற்கலைஞர்களில் உலகெங்கும் அதிகம் பேசப்படுவது முரட்டுத் திரைமுகம்: கத்துதல், திட்டுதல், தட்டைத் தள்ளிவிடுதல். அது ஆளின் உண்மையான குணமா, நிகழ்ச்சிக்காகப் போட்ட வேடமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் கோர்டன் ராம்சேயும் தமிழ்நாட்டில் வெங்கடேஷ் பட்டும் முதன்மையான எடுத்துக்காட்டுகள். பட்டின் கதையில் விருதுநகருக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய சாந்தமான இன்னொரு முகத்தைக் காட்டும் யூடியூப் சேனலின் பெயர் ‘இதயம் தொட்ட சமையல்’. அந்த ‘இதயம்’ விருதுநகர் நல்லெண்ணெய்.

அடுப்படியும் கூச்சலும்

பெரிய ஓட்டல்களின் சமையற்கூடத்தில் கூச்சல் தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ஒரே நேரத்தில் பல மேசைகளுக்கு உணவு போக வேண்டும். சூடு தாங்க முடியாது. ஒருவர் சுணங்கினால் பின்னால் இருக்கும் எல்லோரும் சுணங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவாய் ஓட்டலில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே, சமையற்கூட வேலையைப் படைப்பிரிவு போலப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்தார். ‘செஃப்’ என்ற சொல்லே தலைவனைக் குறிப்பது. அந்த அதிகார அடுக்குதான் பின்னாளில் அதட்டலுக்குத் துணைநின்றது. ஆனால் அதை வகுத்த எஸ்கோஃபியே தம் சமையற்கூடத்தில் கத்தலையும் கெட்ட வார்த்தையையும் அனுமதிக்கவில்லை. கோபம் தலைக்கேறினால் தாமே வெளியே போய்விடுவார். கத்தினால்தான் அடுப்படி ஓடும் என்று சொல்வோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் பிறர் முன்னால் ஒரு முகத்தோடும் மறைவில் இன்னொரு முகத்தோடும் நடந்துகொள்வதை முன்மேடை, பின்மேடை என்று பிரித்தார். அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் அவர் நேரில் கண்ட ஓட்டல். உணவுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள கதவைத் தாண்டியதும் பரிமாறுகிறவர்களின் பேச்சும் நடையும் மாறிவிடும்.

விருதுநகர் பரோட்டா கடைக்கு இந்தக் கதவு பொருந்தாது. இங்கே கல் பெரும்பாலும் வாசலில், தெருவைப் பார்த்தபடி கிடக்கும். மாவை வீசுவது, சுருட்டுவது, எண்ணெயில் மூழ்கவிட்டு மொறுமொறுவென எடுப்பது, அடுக்கி வைத்து இரு கையாலும் அடித்துப் பிரிப்பது எல்லாமே போகிறவர் வருகிறவர் கண் முன்னால் நடக்கும். மாஸ்டர் உதவியாளை அதட்டுவதும், சப்ளையர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பதும், கல்லாவில் இருப்பவர் எல்லோரையும் அதட்டுவதும் வாடிக்கையாளர் காதில் விழும். யாரும் அதைக் குணக்கேடாக எடுத்துக்கொள்வதில்லை. கடை சுறுசுறுப்பாக நடக்கிறது என்பதற்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, பின்மேடையையே முன்மேடையாக்கும் வேலையைத் தொலைக்காட்சிக்கு முன்பே இந்தக் கடைகள் செய்துவிட்டன. தொலைக்காட்சி கூடுதலாகச் சேர்த்தவை கேமராவும் பின்னணி இசையும் வெட்டி ஒட்டும் மேசையும்.

ராம்சே

முரட்டுத் திரைமுகம் என்றதும் உலகம் நினைப்பது 1966இல் ஸ்காட்லாந்தில் பிறந்த கோர்டன் ராம்சேயை. மார்கோ பியர் ஒயிட், ஆல்பர்ட் ரூ, ஜோயல் ரோபுஷோன் ஆகியோரிடம் வேலை கற்றவர். இவர்களில் ஒயிட்டின் சமையற்கூடம் கடுமைக்குப் பேர்போனது. ராம்சேயின் லண்டன் உணவகம் 2001இல் மூன்று மிச்லின் நட்சத்திரங்களைப் பெற்றது.

அவருடைய கோபத்தைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை. 1999இல் ஒளிபரப்பான ‘பாயிலிங் பாயிண்ட்’ என்ற ஆவணத்தொடர், அவர் நட்சத்திரமாவதற்கு முன்பே, சொந்த உணவகத்தில் ஊழியர்களைத் திட்டுவதைப் பதிவுசெய்தது. அந்தச் சூடு விற்கும் என்று தெரிந்த பிறகுதான் 2004இல் ‘ஹெல்ஸ் கிச்சன்’ பிறந்தது. மறு ஆண்டே அது அமெரிக்காவுக்குப் போனது. நலிந்த உணவகங்களைத் தூக்கி நிறுத்தும் ‘கிச்சன் நைட்மேர்ஸ்’ தொடரின் பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புகளை அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படும். ஆளும் வேலையும் ஒன்றே. பிரிட்டிஷ் பதிப்பில் அவர் நிதானமாகப் பேசிக்கொண்டே கதையைச் சொல்லிப் போகிறார். அமெரிக்கப் பதிப்பில் இடி முழக்க இசையும் திரும்பத் திரும்பக் காட்டும் சண்டைகளும் முன்னுக்கு வருகின்றன. 2013இல் தொடங்கிய சிறுவர்களுக்கான ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’ நிகழ்ச்சியிலோ அதே மனிதர் முட்டி போட்டுக் குழந்தைகளின் கண்மட்டத்தில் பேசுகிறார், தோற்ற பிள்ளையைத் தேற்றுகிறார்.

மூன்றில் எது உண்மையான ராம்சே என்று கேட்பது வீண். மூன்றும் அவரிடம் இருப்பவை. எது வேண்டுமோ அதைத் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்கிறார். அவருடைய நிகழ்ச்சியில் காட்சிகள் போலியாகச் சோடிக்கப்பட்டன என்று எழுதிய லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ இதழ், 2006இல் அவதூறு வழக்கில் 75,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. பொய்யாகச் சோடிப்பது வேறு, நடந்தவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் திரைமுகத்தைப் பற்றிப் பேச முடியாது.

வெங்கடேஷ் பட்

விஜய் தொலைக்காட்சியின் ‘குக்கு வித் கோமாளி’ 2019 நவம்பரில் தொடங்கியது. நடுவர்கள் செஃப் தாமு என்றழைக்கப்படும் தாமோதரனும் வெங்கடேஷ் பட்டும். ஓரளவு சமைக்கத் தெரிந்த பிரபலம் ஒருவர், சமையலே தெரியாத கோமாளி ஒருவர் என்று இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது நிகழ்ச்சியின் வடிவம். கோமாளி உப்புக்குப் பதில் சர்க்கரையை நீட்டுவார், பாத்திரத்தைக் கவிழ்ப்பார். பட் துரத்துவார், அடிக்கக் கை ஓங்குவார், மிரட்டுவார், அடுத்த நிமிடம் தானும் சேர்ந்து ஆடுவார். ஊரடங்குக் காலத்தில், 2020 இறுதியில் தொடங்கிய இரண்டாம் சீசன் வீடுகளை அள்ளியது. புகழ், சிவாங்கி, பாலா போன்ற கோமாளிகளுக்குச் சமமாக நடுவரின் முரட்டுத்தனமும் பேசப்பட்டது.

இந்த முரட்டுத்தனத்தின் வேர் தெருக்கூத்தில் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான். ராஜா விறைப்பாக நின்றால்தான் கிண்டல் எடுபடும். ராஜாவும் சிரித்துவிட்டால் கட்டியங்காரனுக்கு வேலையில்லை. நடுவரின் அதட்டலும் அப்படியே. அதை எடுத்துவிட்டால் கோமாளியின் சேட்டைக்கு மோத ஒரு சுவர் இருக்காது. ராம்சேயின் நிகழ்ச்சிகளில் திட்டு வாங்குபவருக்கு வேலையோ பரிசோ பறிபோகும். இங்கே திட்டு வாங்கும் கோமாளிக்குப் புகழ் கூடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பட் பெருநட்சத்திர ஓட்டல்களில் வேலை பார்த்து வளர்ந்தவர். பெங்களூருவின் ‘சௌத் இண்டீஸ்’ உணவகத்தைத் தொடங்கியவர். கோமாளிகளுக்கு முன்பே விஜய் தொலைக்காட்சியில் ‘சமையல் சமையல்’ நிகழ்ச்சியில் தோன்றினார். அதில் குரல் உயராது. வெங்காயம் எவ்வளவு வதங்க வேண்டும், தேங்காய் எப்போது சேர்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்போல் சொல்லிக்கொண்டே போவார். எனவே அவர் விஷயத்தில் ‘முதலில் முரடர், பிறகு சாது’ என்ற வரிசையே தலைகீழ். சாதுவாக அறிமுகமானவர் பின்னால் முரட்டு விளையாட்டுக்கு வந்தார். 2024இல் நிகழ்ச்சியிலிருந்து விலகுவதைச் சமூக ஊடகத்தில் அறிவித்தபோது, தன்னுடைய இலகுவான பக்கத்தை வெளிக்காட்ட அது இடம் தந்தது என்ற பொருள்படவே எழுதினார். பார்வையாளருக்குக் கோபமாகத் தெரிந்தது, அவருக்கு விளையாட்டு.

விருதுநகர் எண்ணெய்

அதே காலகட்டத்தில் வளர்ந்ததுதான் ‘இதயம் தொட்ட சமையல்’ சேனல். விருதுநகர் வானம் பார்த்த பூமியில் எழுந்த வணிக ஊர். எண்ணெய், பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி என்று விளைந்ததை வாங்கி விற்று வளர்ந்தது. அந்த ஊர் வி.வி.வி. அண்ட் சன்ஸ் நிறுவனம் 1986இல் ‘இதயம்’ என்ற பெயரில் நல்லெண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செக்கிலும் சில்லறையிலும் விற்ற பண்டம் பாக்கெட்டில் ஏறியது. தொலைக்காட்சி விளம்பரங்களில் ஜோதிகா போன்ற நடிகைகள் தோன்றினார்கள். நடிகை சொன்னால் பெயர் பரவும். சமையற்கலைஞர் சொன்னால் எத்தனை கரண்டி ஊற்ற வேண்டும் என்ற அளவோடு சேர்ந்து பரவும். எண்ணெய் வியாபாரிக்கு அந்த இரண்டாவது வகைப் பரவலின் மதிப்பு தெரியும்.

அந்தச் சேனலில் வருபவர் கோமாளிகளைத் துரத்தும் பட் இல்லை. கைகூப்பி வணங்கிவிட்டு, பத்தியக் குழம்பையும் கல்யாண வீட்டுச் சாம்பாரையும் பொறுமையாகச் செய்து காட்டுபவர். இந்தக் கட்டுரையின் முக்கியக் கருத்து இதுதான்: முரட்டு முகத்துக்கு விலை கொடுப்பது டிஆர்பி, சாந்த முகத்துக்கு விலை கொடுப்பது மளிகைக் கடை. வார இறுதியில் குடும்பமாக உட்கார்ந்து சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தேவை. செவ்வாய்க்கிழமை காலை அடுப்பை மூட்டி நிற்கும் ஒருவருக்கு வேறொன்று தேவை. ஒரே மனிதர் இரண்டையும் தருகிறார். எதையும் நடிப்பு என்று தள்ள முடியாது, எதையும் முழுமையான ஆள் என்று கொள்ளவும் முடியாது.

பக்கத்து ஊரான சிவகாசியில் லேபிள் அடிப்பது அச்சகம், மருந்து செலுத்துவது பட்டாசு ஆலை. சரவெடி டப்பாவில் லட்சுமி சிரித்தால் வெடி மென்மையாக இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. தொலைக்காட்சி விஷயத்தில் மட்டும் அந்தத் தெளிவு நமக்கு வருவதில்லை.

பார்ப்பவர் ஏன் நம்புகிறார்

1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் உண்மையான எண்ணம் என்ன என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்கு உத்தரவு போடப்பட்டது என்று முன்கூட்டியே சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் ஓரளவு ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று மாணவர்கள் கருதினார்கள். சூழல் கட்டாயப்படுத்தியதைக் குணத்தின் கணக்கில் எழுதும் இந்தப் பழக்கம், நடுவரின் அதட்டலைப் பார்க்கும்போதும் வேலை செய்கிறது. 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகியோர் சுட்டிய இன்னொன்றும் இதோடு சேர்கிறது: வாராவாரம் வீட்டுக்குள் வரும் முகத்தோடு பார்வையாளருக்கு ஒருதலையான நெருக்கம் உண்டாகிறது. தெரிந்தவர்போல் தோன்றுகிறவரைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இதில் தனி அனுபவம் உண்டு. எம்.என்.நம்பியார் திரையில் கையைப் பிசைந்தபடி கொடுமை செய்தார். வெளியே ஐயப்ப பக்தர், பலருக்குக் குருசாமி. நேர்மாறாக, திரையில் வில்லனாகப் பேர் வாங்கிய எம்.ஆர்.ராதா 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரைச் சுட்டார். ஆக, வேடத்துக்கும் ஆளுக்கும் தொடர்பே இல்லை என்று விதி வகுக்கவும் வழியில்லை.

‘கோபம் இருக்கும் இடத்தில் குணம் இருக்கும்’ என்ற பழமொழி இந்தக் கேள்விக்கு ஊரில் கிடைக்கும் ஆயத்த விடை. ‘வாய்தான் அப்படி, மனசு தங்கம்’ என்பது அதன் பேச்சுவழக்கு வடிவம். மாஸ்டர், வாத்தியார், முதலாளி என்று யார் கத்தினாலும் இது கைகொடுக்கும். ஆனால் திட்டு வாங்கும் உதவியாள் இதைச் சொல்லிக் கேட்பது அரிது; சொல்கிறவர் பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவர்தான். பழமொழி பாதி உண்மை. கத்துகிறவர் நல்லவராகவும் இருக்கலாம். கத்துவது அதற்குச் சான்றாகாது.

சாந்த முகமும் சான்றாகாது. அமெரிக்காவின் மாரியோ படாலி, தொலைக்காட்சியில் கலகலப்பும் விருந்தோம்பலுமாக வலம் வந்தவர். 2017 டிசம்பரில் அவர்மேல் பாலியல் அத்துமீறல் புகார்கள் வெளிவந்ததும் நிகழ்ச்சியை இழந்தார். அவருடைய உணவகங்களில் ஊழியர்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணையில் கண்டது. 2021இல் ஊழியர்களுக்கு 6 லட்சம் டாலர் வழங்கும் உடன்பாடு ஏற்பட்டது. பாஸ்டனில் நடந்த தனி குற்றவழக்கில் 2022இல் அவர் விடுதலை செய்யப்பட்டார். படாலியைப் பற்றிய இந்தத் தகவல்களில் ஒன்றுகூட அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்து ஊகிக்கக் கூடியதாக இருக்கவில்லை. புகார்களில் பெரும்பாலானவை உடன் வேலை செய்தவர்கள் சொன்னவை.

சமையல் தொழிலில் ஆளை எடைபோட ஒரு பழைய வழி இருக்கிறது. கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஒருவரைப் பேசும்போது, தென்மாவட்டங்களில் அவருடைய ‘செட்’ எத்தனை ஆண்டாக அவரோடு இருக்கிறது என்று விசாரிப்பார்கள். வெட்டுகிறவர், அரைக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவர் என்று அதே ஆட்கள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூடவே வந்தால், தலைமைச் சமையற்காரரின் வாய் எப்படி இருந்தாலும் கூலியும் மரியாதையும் ஒழுங்காகப் போகின்றன என்று பொருள். கேமரா இந்த ஆட்கள் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை.