கோர்ட்டு, அரசு கட்டிடங்களுக்கு தலைவர்கள் பெயர் வைக்க செலவு எவ்வளவு? அமெரிக்காவில் கணக்கு போடுவது இப்படித்தான்

வாஷிங்டன்:-

அரசு கட்டிடத்துக்கு ஒரு தலைவரின் பெயரை வைக்க எவ்வளவு செலவு ஆகும்? "போர்டு மாத்துற காசு தானே" என்று சாதாரணமாக சொல்லி விடலாம். ஆனால் அமெரிக்காவில் இதற்கும் முறைப்படி கணக்கு போடுகிறார்கள்.

அங்கு மத்திய அரசு கட்டிடங்கள், கோர்ட்டுகளுக்கு பெயர் சூட்ட பெரும்பாலும் பாராளுமன்றத்தில் தனி மசோதா கொண்டு வரப்படும். கமிட்டி ஒப்புதல் அளித்த மசோதாவுக்கு எவ்வளவு பணம் தேவை என்பதை பாராளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டு சொல்லும். 1974-ம் ஆண்டு சட்டப்படி உருவான அலுவலகம் இது.

பெயர் சூட்டும் மசோதா என்றால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "பட்ஜெட்டில் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை" என்பதே அது. மாநில அரசுகளுக்கும், உள்ளாட்சிகளுக்கும் சுமை ஏற்படுமா என்பதையும் சேர்த்து சொல்லி விடுவார்கள்.

செலவு குறைவது ஏன்?

கட்டிடத்தை பராமரிக்கும் பொது சேவை நிர்வாகம் பெயர் பலகையை மாற்ற வேண்டும், பதிவேட்டை திருத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். பழைய பெயர் உள்ள சட்டம், வரைபடம், ஆவணம் எதையும் திரும்ப அச்சடிக்க தேவை இல்லை. "பழைய பெயர் எங்கே இருந்தாலும் அது புதிய பெயரை குறிப்பதாகவே கருதப்படும்" என்ற பொருளில் மசோதாவிலேயே ஒரு பிரிவை சேர்த்து விடுகிறார்கள். செலவை மிச்சப்படுத்துவது இந்த பிரிவுதான்.

நியூயார்க்கில் உள்ள மத்திய கோர்ட்டுக்கு 2001-ம் ஆண்டு தர்குட் மார்ஷல் பெயர் வைக்கப்பட்டது இதே முறையில்தான். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதி இவர்.

பதவியில் இருக்கும் எம்.பி.யின் பெயரை பொதுக் கட்டிடங்களுக்கு வைக்கும் மசோதாவை எடுத்துக்கொள்ள பிரதிநிதிகள் சபை விதி இடம் தராது. பொது சேவை நிர்வாகத்தின் தலைவரே தன் பொறுப்பில் உள்ள கட்டிடத்துக்கு பெயர் வைக்கவும், மாற்றவும் அதிகாரம் உண்டு.

போர்டு மாற்ற 4 லட்சம் டாலர்

பெயர் ஒரு கட்டிடத்தோடு நிற்காமல் ஊர் முழுக்க பரவி இருந்தால்தான் சிக்கல். வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்கு 1998-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் முன்னாள் ஜனாதிபதி ரொனால்டு ரீகன் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் மெட்ரோ ரெயில் நிர்வாகம் தன் போர்டுகளை மாற்றவில்லை. ஒரு ஸ்டேஷனின் பெயர் மாறினால் எல்லா ஸ்டேஷன்களிலும், ரெயில் பெட்டிகளிலும் உள்ள வரைபடங்களை மாற்றியாக வேண்டும். இதற்கு சுமார் 4 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. பணத்தை யார் கொடுப்பது என்று இழுபறி நீடித்தது. கடைசியில் 2001-ல் பாராளுமன்றமே தலையிட்டு மாற்ற வைத்தது.

வைத்த பெயரை எடுத்தால்...

வைத்த பெயரை எடுப்பதுதான் இன்னும் பெரிய செலவு. உள்நாட்டு போரில் அமெரிக்க அரசை எதிர்த்து போரிட்ட தளபதிகளின் பெயரில் இருந்த 9 ராணுவ முகாம்களுக்கு 2023-ல் புதுப்பெயர் வைத்தனர். இந்த 9 முகாம்களுக்கு மட்டும் சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர் ஆகும் என்று 2022-ல் அதற்கான கமிஷன் மதிப்பிட்டது. கப்பல், சாலை, நினைவு சின்னம் எல்லாம் சேர்த்து 6 கோடியே 25 லட்சம் டாலர் என்றும் கூறியது.

ஆனால் 2025-ல் அந்த முகாம்களுக்கு மீண்டும் பழைய பெயர்களே திரும்பின. அதே பெயர் கொண்ட வேறு ராணுவ வீரர்களை கவுரவிப்பதாக காரணம் சொல்லப்பட்டது. 2 ஆண்டுக்கு முன்பு மாட்டிய போர்டுகளை மறுபடியும் கழற்ற வேண்டியதாயிற்று. இந்த இரட்டை செலவும் மக்களின் வரிப்பணம்தான்.

பெயர் சூட்டும்போது போடும் கணக்கில் போர்டு செலவு மட்டுமே வரும். பின்னாளில் அதே பெயரை நீக்கினால் என்ன ஆகும் என்பது அதில் வருவதில்லை.