கடுக்காய்த் தண்ணீரும் சாயப்பட்டறைக் கணக்கும்

போன மாதம் நம் பிளாக்கில் ஒருவர் வாங்கிய படுக்கை விரிப்பின் உறையில் "இயற்கைச் சாயம், கிருமி எதிர்ப்புத் துணி" என்று போட்டிருந்தது. விலை சாதா விரிப்பைப் போல மூன்று மடங்கு. இது புதுக் கண்டுபிடிப்பா என்று என்னிடம் கேட்டார். பேரேடு எழுதியவனுக்கு ரசாயனம் என்ன தெரியும்? ஆனாலும் சாயப்பட்டறைகளுக்குக் கடன் பத்திரம் தயாரித்தவன் ஆயிற்றே, சொல்கிறேன்.

பட்டுபோலப் பருத்தி லேசில் சாயம் பிடிக்காது. அதனால் தென்னாட்டுச் சாயக்காரர்கள் துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்ளும். பிறகு படிகாரம், அது துவர்ப்பையும் சாயத்தையும் சேர்த்து முடிச்சுப் போடும். சிவப்புக்குச் சாயவேர். நீலத்துக்கு அவுரி, அது மட்டும் தனி ரகம், தொட்டியில் புளிக்கவைக்க வேண்டும். இந்தத் துவர்ப்பு கிருமிகளின் புரதத்தோடும் ஒட்டி அவற்றை முடக்கும். ஆக, நிறம் நிற்பதற்காகச் செய்த வேலையிலேயே கிருமி எதிர்ப்பும் சேர்ந்து வந்தது. நம் கொல்லிமலையிலும் கடுக்காய் மரம் உண்டு.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஊதாச் சாயம் செய்தார். 1897இல் ஒரு ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில வருடங்களில் நம் நாட்டு அவுரி வயல்கள் சுருங்கிப்போயின. நெசவாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். நாள்கணக்கில் இழுத்த வேலை சீக்கிரம் முடிந்தது. எத்தனை தடவை போட்டாலும் ஒரே நிறம். நூலுக்குக் கடன் வாங்கியவருக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது அல்லவா?

பேரேட்டில் ஏறாத செலவு தண்ணீரில் ஏறியது. சேலத்தில் திருமணிமுத்தாறு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரி. தோலுக்கு ஆகாத, புற்றுநோய்ப் பொருளாகப் பிரியக்கூடிய சில அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனி தடை செய்தது. 1997இல் இந்தியாவும் 70 சாயங்களைத் தடை செய்தது. 2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

பட்டறைக்காரர்கள் எங்கள் கிளைக்கு நீல விரல்களோடு வருவார்கள். கைநாட்டுக்கு மையே வேண்டாம் என்று கிண்டல் செய்வோம். ஈடு என்ன, ஜாமீன் யார் என்று எல்லாம் கேட்டேன். கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று போர் தண்ணீரில் துணி துவைக்கும்போது அது ஞாபகம் வருகிறது.

சரி, விரிப்புக்கு வருவோம். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். நிறம் நிற்கப் போட்டது படிகாரமா, குரோமிய உப்பா? குரோமியம் என்றால் சாயம் இயற்கையாக இருந்தும் ஆற்றுக்குப் பயனில்லை. கிருமி எதிர்ப்பு எத்தனை சலவைவரை சோதிக்கப்பட்டது? துவைக்கத் துவைக்க அது குறையும். மஞ்சள் கிழங்குச் சாயம் என்றால் நிழலில் உலர்த்துங்கள், நம் மொட்டைமாடி வெயிலுக்குத் தாங்காது.