ஆறாத சுகர் புண்ணும் 1828ல் ஆரம்பிச்ச கதையும்

1/ திருநீர்மலைல இருந்து வர்ற பெரியவர் ஒருத்தர். 15 வருஷ சுகர். மலைக்கோயில் படியில வெறுங்காலோட ஏறினப்போ கல் குத்தி உள்ளங்கால்ல புண். வலியே இல்ல. 4 வருஷமா ஆறவும் இல்ல. "சுகர் புண்ணுன்னா அப்படித்தான் சார்"னு அவரே சொல்வார். நானும் டிரஸ்ஸிங் மாத்திட்டே இருந்தேன்.

2/ ஒரு நாள் பார்த்தா புண்ணோட ஓரம் தடிச்சு, சதை காலிஃப்ளவர் மாதிரி கிளம்பியிருக்கு. பயாப்ஸி அனுப்பினேன். தோல் புற்றுநோய். இதுக்கு மார்ஜோலின் அல்சர்னு பேரு. அந்தப் பேரோட கதையைக் கேளுங்க.

3/ 1828, பாரிஸ். மார்ஜோலின்ங்கிற சர்ஜன், பழைய தழும்பு மேல மரு மாதிரி வளர்ற புண்களைப் பத்தி எழுதினார். ஆனா அது கேன்சர்னு அவர் சொல்லல. 1903ல அமெரிக்க சர்ஜன் டா கோஸ்டாதான், கேன்சரா மாறின புண்ணுக்கு அவர் பேரை வெச்சார்.

4/ நம்ம நாட்டுல இது முதல்ல பிரபலமானது காஷ்மீர்ல. குளிருக்கு அங்கிக்குள்ள காங்க்ரிங்கிற நெருப்புச் சட்டியை வெச்சுப்பாங்க. வயித்துலயும் தொடையிலயும் திரும்பத் திரும்ப சுட்ட இடத்துல கேன்சர். ஸ்ரீநகர்ல வேலை பார்த்த டாக்டர் எர்னஸ்ட் நீவ் 1923ல இதைப் பத்தி எழுதினார்.

5/ அடுத்தது தொழுநோய். நரம்பு கெட்டு பாதம் மரத்துடும். முள் குத்தினாலும் தெரியாது. வருஷக்கணக்கா ஆறாத அந்த உள்ளங்கால் புண்கள்லயும் இதே கேன்சர் வந்தது.

6/ 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், "சதை அழுகுறது கிருமியால மட்டும் இல்ல, வலி தெரியாததால"ன்னு காட்டினார். 1966ல அமெரிக்கா போய், அங்க சுகர் பேஷண்ட் பாதத்துலயும் இதே கதைதான்னு கண்டார். தொழுநோய்ல கத்துக்கிட்ட பாடம் சுகருக்கு உதவுச்சு.

7/ ஏன் கேன்சர் வருது? ஆறாத புண்ணுல செல்கள் ரிப்பேருக்காக ஓயாம பிரிஞ்சுட்டே இருக்கும். பிரியப் பிரிய தப்பு நடக்கற வாய்ப்பும் கூடும். தழும்புல ரத்த ஓட்டம் கம்மி, எதிர்ப்பு செல்களும் சரியா வந்து சேராது.

8/ பயப்படாதீங்க. சுகர் புண்கள்ல பெரும்பாலானது கேன்சர் ஆகாது, இது அபூர்வம். ஆனா சரியா வைத்தியம் பண்ணியும் 3 மாசத்துல ஆறலையா? ஓரம் தடிக்குதா? சதை வளருதா? தொட்டாலே ரத்தம், திடீர் நாத்தம், கருப்பு நிறமாற்றம்? "பயாப்ஸி எடுக்கலாமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. ஒரே இடத்துல எடுத்தா தப்பிடலாம். ஓரத்துலயும் நடுவுலயும் எடுக்கணும். "கத்தி பட்டா பரவிடும்"ங்கறது வெறும் பயம்.

9/ பெரியவருக்கு முன்பாதத்தை எடுக்க வேண்டியதாச்சு. நெறிக்கட்டிக்குப் பரவல, உயிர் தப்பிச்சார். ஒரு வருஷம் முன்னாடியே நான் பயாப்ஸி எடுத்திருந்தா பாதமும் தப்பிச்சிருக்கலாம். அது என் தப்பு. மார்ஜோலின் மாதிரி நானும் கண்ணால பார்த்துட்டே இருந்தேன், பேர் சொல்லல.

10/ வீட்டுல சுகர் இருக்கறவங்க பாதத்தை இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய புண் இருந்தா எத்தனை மாசமாச்சுன்னு கேளுங்க. யாருக்காவது உதவும், பகிருங்க. 🙏