நோக்கியா என்றொரு ஆறு



எங்கள் பென்னலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் "நோக்கியான்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "செல்போன்" என்பான் ஒருவன். "எங்க அத்தை வேலை பார்த்த கம்பெனி" என்பாள் இன்னொருத்தி. ஆறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயரோடு ஓர் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

ஸ்காண்டிநேவியாவை ஒட்டியிருக்கும் பின்லாந்து, ஏரிகள் நிறைந்த நாடு. அங்கே தம்பெரே என்ற நகரம் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் 18 மீட்டர் உயர வித்தியாசம். அந்த இறக்கத்தில் பாயும் நீரின் வேகத்தை நம்பி, 1865-ல் பிரெடெரிக் இடெஸ்டாம் என்ற சுரங்கப் பொறியாளர் மரக்கூழ் ஆலை ஒன்றை ஆரம்பித்தார். காகிதம் செய்வதற்கான கூழ் அது. அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது.

கீழ் ஏரியில் இருந்து வெளியேறும் ஆற்றின் பெயர் நோக்கியன்விர்தா. 'விர்தா' என்றால் ஓடும் நீர். அதன் கரையில் உள்ள ஊர் நோக்கியா. 1868-ல் தன் இரண்டாவது ஆலையை இடெஸ்டாம் அங்கே கட்டினார். 1871-ல் கம்பெனிக்கும் அதே பெயரையே வைத்தார். இதே தண்ணீரில் கிடைத்த மின்சாரத்தை நாடித்தான் ரப்பர் தொழிற்சாலையும் அந்த ஊருக்கு வந்தது. 1967-ல் காகிதம், ரப்பர், கேபிள் ஆகிய மூன்று கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. செல்போன் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 2014 ஏப்ரலில் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வந்தவர்களுக்கு வேலை போனது. பிறகு 2019-ல் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதுவும் பின்லாந்தில் பிறந்த கம்பெனிதான்!

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. நோக்கியா கம்பெனி அந்த நோக்கியா ஊரையும் விட்டுப் போய்விட்டது. இப்போது அதன் தலைமையகம் இருப்பது எஸ்போ நகரில். ஆனால் ஆறு போகவில்லை. அந்தத் தண்ணீர் ஏரி ஏரியாகக் கடந்து, 121 கிலோமீட்டர் நீளமுள்ள கோக்கெமாகி ஆறாகி, போரி நகருக்கு அருகே பொத்னியா வளைகுடாவில் கலக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதாவது ஞாபகம் வருகிறதா? எனக்கு நம்ம ஏரிகள்தான் ஞாபகம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் நிரம்பினால் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். அங்கிருந்து வங்கக் கடல். அங்கேயும் ஏரிச் சங்கிலி, இங்கேயும் ஏரிச் சங்கிலி! ஒரே வித்தியாசம், அவர்களுடையது பனி உருகியும் நிரம்பும், நம்முடையது மழையை மட்டுமே நம்பி இருப்பது. அதனால்தான் நம் முன்னோர் ஒவ்வோர் ஏரிக்கும் கரை, மதகு, கலங்கல் என்று வைத்து, ஒன்றின் மிச்சம் அடுத்ததற்குப் போகும்படி செய்தார்கள். அந்த வழியை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம். செம்பரம்பாக்கத்தில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின.

ஆகவே உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டு ஆற்றை அறிமுகம் செய்ய வேண்டும் என்றால், நைல், அமேசானில் ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரில் ஆரம்பியுங்கள். ஒரு தாளின் இடது பக்கம் நோக்கியா ஆற்றையும் அதன் ஏரிகளையும் வரையச் சொல்லுங்கள். வலது பக்கம் நம் ஏரிகளைக் கடல் வரை வரையச் சொல்லுங்கள். "இந்த ஏரித் தண்ணி எங்கே போகுது?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அட்லஸ் போதாது, கரைமேல் நடந்துதான் காட்ட வேண்டும்.

கம்பெனிகள் வரும், போகும். அவை எந்த நாட்டில் இருந்து வந்தாலும் முதலில் கேட்பது நிலமும் தண்ணீரும்தான். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்த பிள்ளைகள், நாளை அந்த வழியில் யாராவது மண்ணைக் கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். வரலாறு படிப்பதில் இதைவிடப் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை.